அப்பாவுக்குக் கடை இல்லை

போன வருடம், மழைக்காலம் தொடங்கும் நேரம். வெளிநாட்டில் படிக்க அனுப்பும் ஓர் ஏஜென்சியைத் தேடி, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நானும் அப்பாவும் பதுளை டவுனுக்குப் போயிருந்தோம். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்திருந்தது. மண்சரிவு பற்றிப் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு வெடித்துக் கிடக்கிறது. பெருமழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு ஓடுவோம்.

அந்த அலுவலகத்து ஆள் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"மண்ணெல்லாம் எதுக்கு? முதியோர் பராமரிப்பு கோர்ஸ் எடுங்க, ஈஸியா கிடைக்கும். இன்னொண்ணு, லயத்து அட்ரஸ் வேணாம். அப்பாவுக்கு டவுன்ல கடை இருக்குன்னு சொல்லுங்க. தோட்டம்னு சொன்னா இன்டர்வியூவுலயே கழிச்சிருவாங்க."

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இல்லாத மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல அந்த ஆள் பேசியதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"எங்கப்பா தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறார் சார். அப்படித்தான் சொல்லுவேன்" என்றேன்.

"அப்போ நீங்க பிளேன் ஏறின மாதிரிதான்!"

அப்பா எழுந்து என் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டார். "வா புள்ள, போவோம். இவரு இல்லாட்டி பிளேன் பறக்காதா?"

படியிறங்கும்போது பின்னாலிருந்து, "நங்கி, கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல். உள்ளே காத்திருந்த சிங்கள அக்கா ஒருவர். சிங்களத்தில் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய அப்பா மரக்கறித் தோட்டம் செய்பவராம். இதே ஆள் சொல்லிக்கொடுத்தபடி, அப்பா 'கம்பெனி முதலாளி' என்று அந்த அக்கா நேர்முகத்தேர்வில் சொல்லி, அடுத்த கேள்விக்கே மாட்டிக்கொண்டாராம். நியாயம் கேட்க வந்தவரிடம் முகம்கொடுத்துப் பேசக்கூட ஆளில்லை.

"நீங்க செஞ்சதுதான் சரி. நாமளே அப்ளை பண்ணுவோம்" என்றார், தெரிந்த தமிழில்.

அதன்பின் சனிக்கிழமைகளில் டவுன் நூலகத்துக்கு வெளியே உட்கார்ந்து இருவரும் நேர்முகத்தேர்வுக்குப் பயிற்சி செய்தோம். அக்கா தேர்வாளர்போல முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். நான் திக்கினால் விடமாட்டார், மறுபடி கேட்பார்.

நானே விண்ணப்பித்த வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பில் நேர்முகத்தேர்வு. உள்ளே இரண்டு பேர். முதல் கேள்வியே பெற்றோரின் தொழில். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார், அம்மா கொழுந்து பறிக்கிறார் என்றேன். ஏன் இந்தப் படிப்பு என்றார்கள்.

"எங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலை சரியலாம் என்று அதிகாரிகள் எங்களை அங்கிருந்து எழும்பச் சொல்கிறார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. எந்த நிலம் நிற்கும், எந்த நிலம் சரியும் என்று நானே படித்துவிட்டு வந்து, நிற்கும் நிலத்தை எங்களுக்குக் கேட்கப்போகிறேன்."

அதன்பின் அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறேன். அந்த அக்கா இந்த முறை உண்மையைச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். அன்று எனக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தாலும், அம்மா அப்பாவை மறைத்துத்தான் முன்னேற வேண்டுமென்றால் அந்த முன்னேற்றமே வேண்டாம் என்றுதான் இன்றும் சொல்வேன்.