காலியான தேதி

பேருந்து நிலையத்தில் அவள் முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். குரல் தெரியாதவர் எவரும் இல்லை. முதல் நடைமேடையின் மூலையில், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஆணியில் குத்திய சீட்டுக் கட்டு, இருபத்தாறு ஆண்டுகளாக அவள். 'அறிவிப்பக்கா' என்பது ஓட்டுநர்கள் வைத்த பெயர். நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வண்டி ரத்து என்று அவள் வாயிலிருந்து வர வேண்டுமானால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து கையெழுத்துப் போட்ட சீட்டு வந்தாக வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஓட்டுநரே மூச்சிரைக்க ஓடி வந்து அச்சு முறிந்துவிட்டது என்று தலையில் அடித்துச் சொன்னாலும், "தாமதமாக வரும்" என்றுதான் அறிவிப்பாள். ஒருமுறை, சக்கரம் அத்தனையும் கழற்றிக் கிடந்த வண்டியை மூன்று மணி நேரம் தாமதத்திலேயே வைத்திருந்தாள். அக்கா கணக்கில் அந்த வண்டி இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது என்று பணிமனையில் இன்றும் சிரிப்பார்கள்.

கணவர் அதே நிலையத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்பே குரலுக்குக் கட்டுப்பட்டவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அன்றைக்கு மைக்கில் சொன்னால் வண்டியை எடுத்தேன், இன்றைக்கு மைக் இல்லாமலே எடுக்கிறேன் என்பார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சுக்குக் குறைவும் இல்லை.

வீட்டின் பின்புறம், சந்து ஓரமாக ஓர் அறை இருந்தது. அவளுடைய அண்ணனின் அறை. அண்ணன் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். தங்கலும் தொழிலும் அங்கேயே. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, செம்புக் கம்பி வாங்கிவரக் கிளம்பினார். "லைட்டைப் போட்டு வை, இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். கம்பிக் கடைக்காரர் அவர் வரவே இல்லை என்றார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு மனக்கசப்பும் இல்லை.

மூன்று மாதம் தினமும் மைக்கில் சொன்னாள். சாம்பல் நிறச் சட்டை, வயது ஐம்பது, இடது கட்டை விரலில் நகம் இருக்காது. நிலைய மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் பொது அல்லவா என்று தன்மையாகச் சொன்னார். மைக்கில் நிறுத்திவிட்டாள். விளக்கை நிறுத்தவில்லை. அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில். தினமும் ஆறு மணிக்குப் போடுவாள், காலையில் அணைப்பாள். உள்ளே மட்டும் போகமாட்டாள். அண்ணன் உட்கார்ந்து வேலை செய்த பலகையையும் கம்பிச் சுருளையும் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. இன்னொரு சாவி அண்ணன் சட்டைப் பையோடு போய்விட்டது.

கணவர் இதைக் கிண்டலடிக்காத நாள் இல்லை. "வர்றவரா இருந்தா இதுக்குள்ள நாலு தடவை வந்துட்டுப் போயிருப்பாரு. மச்சானுக்கு இனிமே சூரியனையே கட்டித் தொங்கவிட்டாலும் வழி தெரியாது" என்பார். அவள் விசுக்கென்று எழுந்துபோய், போட வேண்டிய நேரத்துக்கு முன்பே விளக்கைப் போடுவாள்.

இந்த வருடம் மழை விடாமல் பெய்தது. சந்துப் பக்கச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே சாய்ந்தது. ஒரு காலை மேலிருந்து செங்கல் ஒன்று பெயர்ந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பின்வீட்டுத் தையல்காரம்மாவின் மகள்மீது விழுந்தது. முதுகில் புத்தகப் பை இருந்ததால் பிள்ளை பிழைத்தாள். பை கிழிந்தது. தையல்காரம்மா சண்டைக்கு வரவில்லை. கிழிந்த பையை மட்டும் கொண்டுவந்து காட்டினார். அதற்குமேல் அறிவிப்பக்காவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நகராட்சி மறுநாளே சுவரில் நோட்டீஸ் ஒட்டியது. முப்பது நாளுக்குள், உரிய அனுமதி பெற்று, இடித்து அகற்ற வேண்டும். இடி என்று சொல்வதும் அவர்கள்தான், கேட்காமல் இடித்தால் பிடிப்பதும் அவர்கள்தான் என்று கணவர் அலுத்துக்கொண்டார். அவள் போய்ப் படிவம் வாங்கிவந்தாள். நாலு பக்கமும் எடுத்த புகைப்படம், வரி ரசீது, பக்கத்து வீட்டாரின் சம்மதம் எல்லாம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டு. அறையின் மின் இணைப்பைத் துண்டித்ததற்கான சான்று. 'இக்கட்டடத்தில் எவரும் வசிக்கவில்லை' என்று உரிமையாளர் தன் கைப்பட எழுதித் தரும் உறுதிமொழி. அந்தத் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தாள்.

பார்வையிட இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். கணவர் அந்த நேரம் நகல் எடுக்கக் கடைக்குப் போயிருந்தார். அவள் சாவியை நீட்டிவிட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டாள். பொறியாளர் உள்ளே போனார், வெளியே வந்து அந்த அறைக்கென்று இருந்த தனி மீட்டரைப் பார்த்தார், மறுபடி உள்ளே போனார்.

"யாரும் இல்லேன்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"இன்னும் எழுதல சார். ஆனா யாரும் இல்ல. நான் ஒரு பல்பு மட்டும் போடுவேன்."

"ஒரு சின்ன பல்புக்கு இவ்வளவு ஓடாதும்மா. மூணு மடங்கு ஓடியிருக்கு. உள்ள ஆள் புழங்குற மாதிரி இருக்கு. பலகையில தூசி இல்ல, ஃபேன் றெக்கை துடைச்ச மாதிரி இருக்கு. குடி இருக்கறவங்களை முதல்ல காலி பண்ணுங்க. அப்புறம்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். தூசி இல்லை. இரண்டாவது சாவி. அவள் வேலைக்குப் போகும் நேரம். பகல் முழுதும் கணவர் டீக்கடையில் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அது தெருவுக்கே தெரியும். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒருவர் வந்து போவதற்கு எல்லாம் தோதாக இருந்தது. அன்று பிற்பகல் மைக்கில் அவள் குரலைக் கேட்ட பழைய ஓட்டுநர் ஒருவர், என்னக்கா, சம்பள உயர்வா என்று ஜன்னலில் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

கணவரிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் பாதி நாள் விடுப்புப் போட்டாள். பின் சந்து வழியாக வந்து, கொடியில் காய்ந்த போர்வையின் மறைவில் நின்றாள். முதலில் என்ன கேட்பது என்று யோசித்தாள். எங்கே போனாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஓடிவிடுவார். சாப்பிட்டாச்சா அண்ணே என்று கேட்கலாம். பதினோரு வருடமும் நேற்று இருந்த மாதிரி, சாதாரணமாக.

ஒன்றேகால் மணிக்குப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. போர்வையை விலக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றாள்.

அக்குளில் பேப்பர், கையில் எண்ணெய்க் குப்பி. பலகையில் உட்கார்ந்திருந்தது அவள் கணவர்.

அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். "ஃபேன் ஓடாம கெடந்தா பேரிங் இறுகிடும்மா" என்றார், குற்றம் செய்த குரலில். "மச்சான் வந்தா மொதல்ல இதைத்தான் சுத்திவிட்டுப் பாப்பாரு."

"எத்தனை நாளா?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து தினமும். அதுக்கு முன்னாடி லீவு நாள்ல."

"வரமாட்டாரு, வரமாட்டாருன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ வருவாருன்னே. ரெண்டு பேரும் அதையே சொல்லிக்கிட்டிருந்தா வீடு தாங்குமா?"

அவர் ஒவ்வொரு முறை கிண்டலடிக்கும்போதும் அவளுக்குப் பிடிவாதம் ஏறும். மல்லுக்கட்ட எதிரே ஒரு ஆள் இருந்தவரை காத்திருப்பது அவ்வளவு பாரமாக இல்லை. இப்போது எதிரே ஆள் இல்லை. அறையில் இருந்ததெல்லாம் இவர்கள் இரண்டு பேரும் ஒரு மின்விசிறியும்தான். அண்ணன் ஒருநாள்கூட இங்கே வந்ததில்லை.

சாய்ந்த சுவர் அவர் முதுகுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. "நோட்டீஸ் ஒட்டின பிறகும் இங்க வந்து உக்காந்திருக்கீங்களே, இது விழுந்திருந்தா?" என்றாள்.

"விழுந்திருந்தா நீ மைக்ல சொல்லியிருப்பே, தாமதமா வருவாருன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது உடைந்து, பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

நகராட்சிக்குப் போய், ஆள் யாருமில்லை, மீட்டர் ஓடியது மின்விசிறியால்தான் என்று இரண்டு பேருமே பொறியாளரிடம் சொன்னார்கள். அவர் நம்பினார். படிவத்தில் 'காலியான தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் கிளம்பிப் போன தேதியை எழுதட்டுமா என்று அவள் கேட்டாள். எழுத முடியாது என்றார். நேற்று வரை மீட்டர் ஓடியிருக்கிறது, மின்சார அலுவலகத்துச் சான்றில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் இதிலும் இருக்க வேண்டும்.

மின் ஊழியர் ஒரு காலை பத்து மணிக்கு வந்தார். அன்றைக்கு அவள் விளக்கை அணைக்காமல் விட்டிருந்தாள். கணவர் மின்விசிறியைப் போட்டுவைத்திருந்தார். ஊழியர் வெளியே மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதும் பல்பு உடனே போனது. மின்விசிறி நிற்கவில்லை. அண்ணன் கையால் கட்டிய காயில், கணவர் கையால் எண்ணெய் போட்ட பேரிங். அது பாட்டுக்குச் சுற்றியது. அவ்வளவுதான், கையெழுத்துப் போடுங்கள் என்று ஊழியர் அவசரப்பட்டார்.

"இருப்பா" என்றார் கணவர். "நிக்கட்டும்."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். றெக்கைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு நின்றன. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நகராட்சிக்குப் போனார்கள். கைப்பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, எவரும் வசிக்கவில்லை என்று எழுதினாள். மைக்கில் பேசுகிற மாதிரி நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். காலியான தேதிக்கு அன்றைய தேதி. எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னைக்குத்தான் காலியாச்சா? யாரும்மா இருந்தது?"

"எங்க அண்ணன்."

"இப்ப எங்க போயிருக்காரு?"

எந்த வண்டி எங்கே போகிறது என்பதை இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கணவர்தான் சொன்னார்.

"சொல்லிட்டுப் போகலப்பா."

எழுத்தர் முத்திரையைக் குத்தினார். ஒன்பது நாளில் அனுமதி வரும் என்றார். பன்னிரண்டாம் நாள் வந்தது.

இடிக்க ஆட்கள் வந்த அன்று அவள் மாலை நேரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கணவர் மட்டும் நின்று பார்த்தார். மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் நிலையத்துக்கு நடந்து வந்தார். செங்கல் தூசி புருவத்தில் அப்படியே இருந்தது. அறிவிப்பு அறையின் ஜன்னல் வழியாக நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினார். அவள் பிரித்தாள். 'பின்புற அறை இடிக்கப்பட்டது. ஃபேன் பத்திரமாக உள்ளது.' கீழே அவர் கையெழுத்து, தேதி, நேரம்.

இரண்டு முறை படித்தாள். எழுந்து, ஆணியில் இருந்த சீட்டுக் கட்டின்மேல் அதையும் குத்தினாள். பிறகு உட்கார்ந்து மைக்கை முடுக்கி, ஆறு மணி வண்டி மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும் என்று அறிவித்தாள்.