சுவரில் வைக்காத கல்

பிராங்பேர்ட்டை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலேறியவன் நான். பழைய சதுக்கத்தின் மரச்சட்ட வீடுகளை மளமளவென்று படமெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா, குட்டையான நரைமுடி, ஊதா மழைக்கோட்டு, வாசல்மணிகளில் இருந்த பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நான் போனில் தமிழ் பேசியதும் திரும்பினார்.

"போனுக்குள்ள பாக்கவோ ரெயிலேறி வந்தனீர்? வாரும், இன்னுமொரு இடம் காட்டுறன்."

யாழ்ப்பாணத் தமிழ். பின்னாலேயே போனேன்.

பழைய யூத இடுகாட்டின் வெளிச்சுவர் அது. நாஜிகள் கொன்ற இந்நகரத்து யூதர்களின் பெயர்கள், ஆளுக்கொரு சிறு உலோகக் கட்டையாகச் சுவரில் நீண்டிருந்தன. வருகிறவர்கள் யூத வழக்கப்படி நினைவாக அவற்றின்மேல் கூழாங்கல் வைக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே நடந்து, ஒன்றின்மேல் கல் வைத்தார். இன்னொரு கல் கையிலேயே இருந்தது.

"இது என்ர தம்பிக்கு. கடைசிச் சண்டையில காணாமப் போனவன். அவன்ர பேர் ஒரு இடத்திலயும் எழுதியில்லை."

"இங்கேயே வைங்க அக்கா. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டினம், தெரியும். ஆனா ஏலாது. இது அவையின்ர இடம். அவனுக்கு இடம் அங்க, எங்கட ஊரில வேணும்."

வைத்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் கல்லைக் கோட்டுப் பையில் போட்டு அவர் ஜிப்பை இழுத்து மூடிய வேகத்தைப் பார்த்தவன் நான். அந்தத் தம்பிக்கு ஓர் இடம் கிடைத்தே தீரும்.