கோடு வரைக்கும் தண்ணீர்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கும் ஒரு விதி உண்டு. குழந்தை கேட்காமல் பதில் சொல்லக் கூடாது. குழந்தைகளே கூடிப் பேசி, மலையாளத்தில் எழுதி, சமையலறைக் கதவு வரை ஒட்டி வைத்திருந்தார்கள். சேர்ந்த அன்று அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் அக்ரகாரத் தெருவிலேயே கேட்காமல் பேச மாட்டேன். கேட்டாலும் பாதிதான் வெளியே வரும்.

கடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, முப்பது பிள்ளைகள். சமையலும் துடைப்பதும் என் வேலை. அங்கே மணி அடிப்பதில்லை. எதைப் படிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்வார்கள். மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் எடுத்துக்கொண்டது கடல். முன்னறைக்கு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வந்தது. கேன்களில் கடல் தண்ணீர் சுமந்து வந்தார்கள். கரையிலிருந்து வெள்ளைக் கற்கள், சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகள் ஏழு. தினமும் காலையில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். உப்பு கூடினால் குழாய் மேலே எழும்பும். அதில் தெரியும் எண்ணைச் சுவரில் ஒட்டிய தாளில் குறிப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நின்றது பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. தென்காசிப் பக்கமிருந்து வந்து இங்கே ஹோட்டலில் வேலை பார்ப்பவரின் மகள். மலையாளம் கலந்தாலும் என்னிடம் தமிழில் பேசும் ஒரே குழந்தை. மின்விசிறிக் காற்றில் தண்ணீர் குறைவதைப் பார்த்து, தொட்டியின் மேல் மார்க்கரால் கோடு போட்டாள்.

"மாமி, சாயங்காலம் போகும்போ இந்தக் கோடு வரைக்கும் தண்ணி விடணும், கேட்டோ."

எந்தத் தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தீர்த்தம் வைத்த பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். கடலில் பிறந்த ஜீவனுக்குக் கடல் தண்ணீர்தானே முறை? மூலையில் இருந்த கேனிலிருந்து எடுத்து ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

தாளில் எண் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். ஏன் ஏறுகிறது? நண்டு உப்பை விடுகிறது என்றான் ஒருவன். கல்லிலிருந்து கரைகிறது என்றாள் அவள். சண்டை போட்டார்கள், படம் வரைந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு நண்டு சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, வெளியே வைத்தாள்.

அதே நாள் மதியம் மிச்ச சாம்பாரைச் சூடு பண்ணினேன். சுண்டிப் போய்க் கரித்தது. வழக்கம் போல வெந்நீர் விட்டேன். விட்ட பிறகு கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. சாம்பார் குறைந்தால் யாரும் இன்னொரு சாம்பாரை விட்டு நிரப்புவதில்லை. தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. இருபத்தைந்து வருஷமாக அடுப்பில் பார்ப்பதைத் தொட்டியில் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

அன்று சாயங்காலம் குழாய்த் தண்ணீர் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எண் ஏறாமல் நின்றது. மறுநாளும் நின்றது. அவள் சுவர் முன்னால் குதித்தாள். "கல்லுதான். நான் அப்பவே சொன்னேன் அல்லே?"

தப்பைத் திருத்தப் போய், அவளுடைய தப்பான விடையை நானே சரியாக்கி வைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை பெற்றோர்கள் வருவார்கள். அவள் அவர்கள் முன்னால் நின்று கல்லைப் பற்றிச் சொல்லப் போகிறாள். அவள் அப்பா லீவு கேட்டு வாங்கியிருந்தார்.

பிள்ளைகளோடு இருக்கும் இளம்பெண்ணை எல்லாரும் சேச்சி என்பார்கள்; பிள்ளைகள் அவளுக்குக் குட்டிகள். அவளிடம் போய், "அந்தத் தொட்டி ஜலம் விஷயமா..." என்று தொடங்கினேன்.

"குட்டிகள் கேட்டாங்களா மாமி?"

"இல்லை."

"அப்போ வேண்டாம். அவங்களே கண்டுபிடிக்கட்டும். நம்ம சொன்னா அது அவங்களோடது ஆகாது."

சரி என்று திரும்பி வந்துவிட்டேன். சேச்சி தடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதைத்தான் இன்று வரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

புதன்கிழமை அந்தப் பெண் நோட்டோடு சமையலறைக்கு வந்தாள். தொட்டியில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"மாமி என்ன செய்வீங்க?"

கேள்வி வந்தேவிட்டது. "துடைப்பேன்" என்றேன். "தண்ணி விடுவேன்."

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். வாசலில் நின்ற பையன் மலையாளத்தில், "மாமி ரெண்டு வார்த்தை பேசியாச்சு, இன்னைக்கு மழை பெய்யும்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போனவள் தொட்டியில் கற்களைத் திரும்பப் போட்டாள். ஒரு தடவை பார்த்தது போதாதாம். கல்லைப் போட்டால் எண் மறுபடி ஏற வேண்டும், அப்போதுதான் உறுதியாம்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தொட்டி முன்னால் நின்றேன். ஒரு பக்கம் கேன், ஒரு பக்கம் குழாய்த் தண்ணீர் வாளி. கேனை எடுத்தால் அவள் ஜெயிப்பாள், நண்டு சாகும். வாளியை எடுத்தால் அவள் தோற்பாள், ஏன் என்று தெரியாமலே தோற்பாள். ஆறு நண்டுகள் கண்ணாடி ஓரமாக நடந்து, மூலையில் முட்டி, திரும்பி நடந்தன. இரண்டையும் எடுக்காமல் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். கொல்லைப்புறம் குளித்துவிட்டு உள்ளே போனேன். நண்டு இருக்கும் தொட்டியில் கை வைப்பதை, ஆசாரம் பார்க்கும் எங்கள் வீட்டில் நான் சொன்னதில்லை.

காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"மாமி, நேத்து தண்ணி விடல்லியா?"

"விடலை."

"ஏன்?"

"எந்த ஜலத்தை விடறதுன்னு தெரியலை கொழந்தே. கல்லு எடுத்ததுக்கு முந்தின நாள் வரைக்கும் கேன்லேர்ந்து விட்டேன். எடுத்த அன்னிலேர்ந்து குழாய்."

அவள் தாளைப் பார்த்தாள். எண் ஏறிய கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டி, நின்ற இடத்தில் நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். மார்க்கரை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க. எந்த நாள் எது விட்டீங்கன்னு."

எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

"சனிக்கிழமை நீங்கதான் இதைச் சொல்லணும், கேட்டோ. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. கண்டது நீங்க அல்லே."

மாட்டேன் என்று மூன்று தரம் சொன்னேன். அவள் விடவில்லை.

சனிக்கிழமை தாளின் பக்கத்தில் நின்றேன். அறை நிறைய ஆட்கள். பின்னால் சுவர், இடது பக்கம் தொட்டி, வலது பக்கம் அவள். கதவு ரொம்ப தூரத்தில் இருந்தது. அவள் கல்லைப் பற்றித் தான் நினைத்ததைச் சொன்னாள், நண்டு செத்ததைச் சொன்னாள், தினமும் தண்ணீர் விட்டது மாமி என்றாள். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்து லேசாக இழுத்தாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த அவள் அப்பா மெல்லக் கேட்டார். "அப்போ என்ன தண்ணிம்மா விட்டீங்க?"

கேட்டுவிட்டார்கள். தொட்டியைப் பார்த்தபடியே வாயைத் திறந்தேன்.