மலை தெரியாத படங்கள்

அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் காலண்டரம்மா. மலை, ஏரி, அருவி, கடற்கரை என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. சுற்றுலா நிறுவனங்களுக்கும் காலண்டர் அச்சடிப்பவர்களுக்கும் அவள் படங்கள் போகும். மருந்துக் கடைச் சுவரிலும் முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்திலும் அவள் எடுத்த மலைகள் தொங்கும். கீழே இருக்கிற தேதியைப் பார்க்காமல் மேலே இருக்கிற படத்தை யாராவது பார்த்தார்களா என்று அவள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டதில்லை.

கேட்டுக்கொள்ள வைத்தது ஓர் ஏரி. புது வருஷத்துக் காலண்டருக்கான மாதிரித் தாள்கள் அச்சகத்து மேசையில் பரப்பிக் கிடந்தன. வேறொருவர் எடுத்த படம் ஒன்று இதில் கலந்துவிட்டது, உங்களுடையது எது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் அச்சக முதலாளி. இரண்டு ஏரிகள். இரண்டிலும் சிவந்த வானம், இடது ஓரத்தில் ஒற்றைப் படகு, தண்ணீரில் தலைகீழாக மலை. அவள் யோசிக்கவே இல்லை, ஒன்றின்மேல் விரலை வைத்தாள். முதலாளி தாளைத் திருப்பிக் காட்டினார். பின்னால் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

"விடுங்கம்மா, ஏரி ஏரிதானே. தேதி சரியா இருந்தாப் போதும்" என்றார் அவர், ஆறுதலாகத்தான்.

அந்த ஆறுதல் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. தன் படத்தைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் இத்தனை வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யார்? அன்று வீட்டுக்கு வந்தவள் கூடத்துச் சோபாவை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டாள், பிறகு பழைய இடத்துக்கே தள்ளினாள். புது லென்ஸ் வாங்கினாள். கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தாள். புல்லில் குப்புறப் படுத்து எடுத்தாள்; முட்டி சிராய்த்ததுதான் மிச்சம். எங்கோ தொலைவில் இருந்த ஒரு கடற்கரைக்குப் போய்விட்டு வரும்போது, பஸ்ஸிலேயே ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியபோது கேமராவில் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் கணவன் பல்செட் செய்கிறவன். வீட்டின் பின்னறைதான் அவன் பட்டறை. மெழுகு வாசனையும் சுண்ணாம்புத் தூளுமாக இருக்கும். ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் பல்செட்டுகள் சிரித்துக்கொண்டு காயும். அவள் அங்கேயும் போய் நின்று, ஒரு தாடையை எடுத்துப் பார்த்து, வைத்துவிட்டு, அடுத்ததை எடுப்பாள்.

"வீட்ல இருக்கும்போதும் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற மாதிரியே நிக்கிற. உட்காரேன்" என்றான் அவன்.

தினமும் பல்லையே பார்க்கிறீர்களே, அலுக்கவில்லையா என்று கேட்டாள் அவள்.

"எனக்கு வாய்ச்சது வாய், உனக்கு வாய்ச்சது மலை. மலைக்குச் சொத்தை விழாது, அதான் உனக்கு அலுக்குது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று தாடையை ஜன்னலில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் சுற்றுலா நிறுவனம் ஒன்று அவளை ஒரு மலைவாசத்தலத்துக்கு அனுப்பியது. பெரிய சிகரம் ஒன்று நேர் எதிரே தெரிகிற காட்சிமுனை அது. அவள் ஏற்கெனவே போன இடம். நல்ல வெயிலில் எடுத்து விற்ற இடம். இந்த முறை போய்ச் சேர்ந்தபோது கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி மூடுபனி. கேமரா முக்காலியோடு வந்திருந்த மற்றவர்கள் மறுநாளே மூட்டை கட்டினார்கள். அவளும் கிளம்பியிருப்பாள். அதற்குள் கீழே மண் சரிந்து சாலை அடைபட்டு, பஸ் நின்றுபோனது.

விடுதி அறையில் நாற்காலி முதுகில் ஈரக் காலுறை காயவே இல்லை. படுத்தால் கால் ஓய்வதாக இல்லை. அறைக்கும் காட்சிமுனைக்கும் கூண்டுக்குள் அடைபட்டதுபோல் நடந்துகொண்டிருந்தாள். மேலே மாட்டிக்கொண்ட மற்ற பயணிகளுக்கும் போக வேறு இடமில்லை. வருவார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் நின்று பார்த்ததாக வைத்துக்கொண்டு திரும்புவார்கள்.

அவர்களில் ஒருவர், மழைக்கோட்டுப் போட்ட கனத்த மனிதர், போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, எதிர்லயே இருக்கு. உச்சியில வெயில் பட்டுப் பளபளங்குது. பனியா? அதெல்லாம் இல்லம்மா."

ஒரு கையால் வெறும் வெள்ளையில் மலைச்சரிவை வரைந்து காட்டினார், போனில் இருப்பவருக்குத் தெரியும் என்பதுபோல. காலண்டரம்மாவின் விரல் தானாகக் கேமராவை அழுத்திவிட்டது. சத்தம் கேட்டு அவர் திரும்பினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவராக முகம் வாடி நின்றார்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க மேடம். இந்த மலையப் பார்க்கணும்னு ரொம்ப வருஷமா ஆசை. தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

அவள் போனில் பழைய படம் இருந்தது. இதே சிகரம், இதே இடம், அவளுக்குச் சலித்துப் புளித்துப்போன படம். அனுப்பிக் கொடுத்தாள். அவர் அதை அம்மாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அம்மாவே கூப்பிட்டார்கள். அவர் அவளுக்கும் கேட்கும்படி போனை நீட்டினார்.

"நல்லா இருக்குடா. ஆமா, மலைக்குக் கீழ கறுப்பா ஏதோ தெரியுதே, அது என்ன, வீடா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சரிவின் அடியில் கறுப்பாகச் சதுரமாக ஏதோ இருந்தது. எத்தனை பேருக்கு விற்ற படம். அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லும்போது காதெல்லாம் சுட்டது.

சாலையைச் சரிசெய்து பஸ் விட்ட அன்று காலையில் பனியும் விலகியது. கனத்த மனிதர் முதல் பஸ்ஸிலேயே அம்மாவைப் பார்க்க ஓடிவிட்டார். அவள் நிறுவனத்துக்கு வேண்டியதை மளமளவென்று எடுத்து முடித்தாள். பிறகு நீளமான லென்ஸை மாட்டிச் சரிவைத் துழாவினாள். அது வீடு இல்லை, தண்ணீர்த் தொட்டி. அவருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது: அவ்வளவு தூரத்தில் அதில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று அம்மா கேட்கிறார்களாம்.

அந்தக் கேள்வி அவளைப் பிடித்து உலுக்கியது. அடுத்த பஸ் ஹாரன் அடித்தது; அவள் ஏறவில்லை. துணிப்பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு, கேமராவோடு பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மூச்சு வாங்க எதிர்ச்சரிவில் ஏறினாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் பசுக்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கே பார்க்க ஒன்றும் இல்லையே, எதற்கு ஏறி வந்தீர்கள் என்று கேட்டாள். காலண்டரம்மா பதில் தேடித் திரும்பியபோதுதான் காட்சிமுனை எதிரே தெரிந்தது. ஒரு கோடாகக் கம்பித் தடுப்பு, அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாக மனிதப் பொட்டுகள், எல்லாரும் கையைத் தூக்கி இவளிருக்கும் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் பசு, அதற்குப் பின்னால் அவர்கள். எடுத்தாள். பசு நகர்ந்தது, மறுபடி எடுத்தாள். வெளிச்சம் குறைகிறது என்று அந்தப் பெண் சொல்லும்வரை நேரம் போனது தெரியவில்லை.

அச்சக முதலாளி அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மலை எங்கம்மா?" என்றார். வாங்கவில்லை. சுற்றுலா நிறுவனமும் வழக்கமான சிகரத்தையே போட்டுக்கொண்டது. பனியில் கையால் மலை வரைந்த மனிதரும் பசுவும் அவள் கூடத்துச் சுவரில்தான் மாட்டப்பட்டார்கள். அவளுக்கு அமைதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கால் இப்போதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சம்பளத்துக்கான படத்தை எடுத்து முடித்ததும் எதிர்ப்பக்கம் போகாமல் இருக்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை கணவனையும் ஓர் அணைக்கட்டுக்கு அழைத்துப் போனாள். சாப்பாட்டுப் பையோடு அவனை இக்கரையில் நிறுத்திவிட்டுக் காணாமல் போனாள். வெகுநேரம் கழித்து அக்கரையிலிருந்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், அவன் உற்சாகமாகக் கையாட்டிக்கொண்டிருந்தான். அவள் போன் போட்டாள்.

"யாருக்குக் கையாட்டுறீங்க? அது நான் இல்ல."

"தொப்பி போட்டிருக்கியே."

"அது வேற யாரோ. இடதுபக்கம் பாருங்க, மதகுக்குக் கீழ. இல்ல இல்ல, திரும்பாதீங்க, கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

அவன் கை தூக்கியபடியே நின்றான்.