நீடாமங்கலம் கேட்டில் முப்பத்தைந்து நிமிடம்

போன நவம்பரில் எனக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. நாள் முழுக்க எல்லோரையும் "அசையாம படுங்க" என்று அதட்டுகிறவள், நான் மட்டும் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டேன். இப்படி இரண்டு நாள் கிடைப்பதே அபூர்வம். அதைத் தஞ்சாவூருக்குக் கொடுத்தேன்.

பெரிய கோயில் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் புரியாது. தஞ்சாவூர் பக்கத்து நீடாமங்கலத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமம். அங்கே அருள் என்று ஒருவர் விவசாயம் பார்க்கிறார். உறவினர் மூலம் வந்த வரன். ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு முப்பத்து நான்கு வயது. முன்னால் வந்த மூன்று பேருக்கும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றே காலத்தைக் கடத்தி, அவர்களாக விலகிப்போக விட்டவள் நான். இவரிடம் மட்டும் நேரில் வந்து பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஞாயிறு மாலைக்குள் சரியா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

பயணத்துக்கு எக்ஸெலில் ஓர் அட்டவணை போட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். டீக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. சிரிக்காதீர்கள், குறைந்த நேரத்தில் ஊர் பார்க்க வேறு வழி கிடையாது.

வெள்ளி இரவு எழும்பூரில் ரயில். ஸ்லீப்பர் 225 ரூபாய். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தஞ்சாவூரில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜ், ஒரு நாளைக்கு 900. குளித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன், பெரிய கோயில் வரை 80 ரூபாய். ஆறே காலுக்கெல்லாம் உள்ளே இருந்தேன். அந்த நேரத்துக்குப் போங்கள். கல் தரை குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது, கோபுரத்தின் மேல் பாதியில்தான் வெயில் பட்டிருக்கும். எனக்கு ஐம்பது நிமிடம். முடித்து வெளியே வந்தால் அதே ஆட்டோக்காரர் அங்கேயே நின்றார்.

"அதுக்குள்ள பாத்துட்டீங்களாக்கா? நான் இன்னும் டீயே குடிச்சு முடிக்கல."

"அடுத்தது அரண்மனைங்க."

"அது திறக்க இன்னும் நேரம் கெடக்கே. அதுவரைக்கும் என்ன செய்வீங்க?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. மீதி நேரம் மேல வீதி, கீழ வீதி என்று நடந்தே தீர்த்தேன். அரண்மனை, சரஸ்வதி மகால் எல்லாம் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிட்டன. மாலையில் மறுபடியும் கோயிலுக்குப் போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து பார்த்தேன். கடிகாரப்படி ஒன்பது நிமிடம். பக்கத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படி முடிகிறது இவர்களுக்கு என்று பொறாமையாக இருந்தது.

ஞாயிறு காலை பாசஞ்சர் ரயிலில் நீடாமங்கலம் போனேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பத்து ரூபாய், ஐம்பது நிமிடம். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த வாரம் பெய்த மழைத் தண்ணீர் வயலில் நிற்க, பயிர் நுனி மட்டும் மேலே தெரிந்தது. அழகு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிரே இருந்த அம்மா, "இன்னும் ரெண்டு நாள் வடியலன்னா அழுகிரும்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அருள் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு பைக்கில் வந்து காத்திருந்தார். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு, அதைவிடச் சிரித்த முகம். வீட்டில் அவருடைய அக்கா விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அந்த அக்கா பயந்துபோயிருக்க வேண்டும்.

"மெதுவா சாப்பிடுங்க, யாரும் பிடுங்கிக்க மாட்டோம். ஆனா ஸ்டேஷனுக்கு மூணு மணிக்கே கெளம்பிருங்க. ரயில்வே கேட்டு போட்டுட்டா அவ்வளவுதான்."

"நாலு அஞ்சுக்குத்தானே ரயில்? ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?" என்றேன்.

அருள் சிரித்துக்கொண்டே எனக்கு மோர் ஊற்றினார். சாப்பாடு முடிந்து வாய்க்கால், மதகு, அவருடைய நாலு ஏக்கர், பக்கத்து ஊர் மாதா கோயில் எல்லாம் பார்த்தோம். அட்டவணைப்படி மூன்று முப்பத்தைந்துக்குப் பைக்கில் ஏறினேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு ரயில்வே கேட்டுக்கு வந்தபோது அது மூடியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன். நடுவில் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு ஒரு நீளமான சரக்கு ரயில் நின்றது. இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிறார்களாம். நீடாமங்கலத்துக்காரர்களுக்கு இது தினப்படி வேலை. எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டுக் கடலை கொறிக்க ஆரம்பித்தார்கள்.

நான் இறங்கி நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் நடந்தேன். நாலு எட்டுக்கு என் பாசஞ்சர் வந்தது. இரண்டு வேகன்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஸ்டேஷனில் நின்றது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க சென்னை ரயில் எட்டே முக்காலுக்குத்தானேங்க?" என்றார் அருள்.

"ஆமா."

"இப்ப மணி நாலு பத்து. தஞ்சாவூர் பஸ்ஸு நம்ம பின்னாடி நாலாவதா நிக்குது. வண்டியை நிறுத்துறப்பவே பாத்துட்டேன். ஒரு மணி நேரத்துல போயிரலாம்."

பிறகு எதற்காகப் பதறினேன்? அவர் என் போனை வாங்கி அட்டவணையைப் பார்த்தார். மேலிருந்து கீழே பொறுமையாகத் தள்ளிப் படித்தார்.

"மதகுக்குக் கால் மணி போட்டிருக்கீங்க. மோருக்குக் கால் மணி. நம்ம ரெண்டு பேரும் பேசுறதுக்குத்தான் எங்கயும் நேரம் போடல."

உண்மைதான். நான் எதற்காக வந்தேனோ அதற்கு மட்டும் கட்டமே இல்லை. நேரம் இல்லை என்று சொல்லித் தப்பித்தே எனக்குப் பழக்கம். இந்த முறை அதையும் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஓடுவதற்கு ரயிலும் இல்லை, கேட்டும் திறக்கவில்லை. அதனால் சொன்னேன்.

"எனக்கு ஒரு இடத்துல உக்கார வராதுங்க. இந்த ஊர்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிருமோன்னு பயமா இருக்கு. வேலையையும் விட மாட்டேன்."

"வேலையை யாருங்க விடச் சொன்னா? தஞ்சாவூர்ல இல்லாத ஆஸ்பத்திரியா? உக்கார எனக்கு மட்டும் நேரம் ஏது? மழை பேஞ்சா விடியற வரைக்கும் வரப்புலதான் நிப்பேன்." போனைத் திருப்பிக் கொடுத்தபடியே சொன்னார்: "நீங்க ஓடுங்க. எங்க ஓடுறேன்னு மட்டும் சொல்லிட்டு ஓடுங்க."

அதன் பிறகு நிறையப் பேசினோம். என் சம்பளம், அவருடைய குத்தகை நிலம், என் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று எல்லாம். எப்போது பைக் சீட்டில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. நாலு இருபத்தேழுக்குக் கேட் திறந்து எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தபோதுதான் கவனித்தேன், நான் வாட்சைப் பார்த்தே பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

தஞ்சாவூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, படியில் நின்றபடியே திரும்பி, "சரிங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

"எல்லாத்துக்கும்தான்!"

"உள்ள வாம்மா, அப்புறமா போன்ல பேசிக்கலாம்" என்றார் கண்டக்டர். டிக்கெட் முப்பது ரூபாய். ஐந்தே முக்காலுக்கெல்லாம் தஞ்சாவூர்.

இதே பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பும் ரயிலில் இடத்தை முதலில் பிடித்துவிட்டு மற்றதை யோசியுங்கள், ஞாயிறு இரவு டிக்கெட் லேசில் கிடைக்காது. பெரிய கோயில் மதியம் சாத்திவிட்டு நான்கு மணிக்குத்தான் திறக்கும். மழைக்காலம் என்றால் குடையைவிட ரப்பர் செருப்பு முக்கியம். பாசஞ்சர் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். நீடாமங்கலம் பக்கம் எங்கே போவதானாலும் கேட்டுக்கு என்று தனியாக முக்கால் மணி ஒதுக்குங்கள்.

வருகிற மே மாதம் அந்தப் பக்கம் வர இருக்கும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் இதையே சொல்கிறேன். கல்யாணம் நடக்கும் மாதா கோயில், ஸ்டேஷனிலிருந்து வந்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பூசை பத்தரைக்கு. நீங்கள் ஒன்பதே முக்காலுக்குள் கேட்டைத் தாண்டிவிடுங்கள். நான் எட்டு மணிக்கே அங்கே வந்து உட்கார்ந்திருப்பேன்.