குப்பைத் தொட்டிக்குள் இருந்த விதைப் பரிசோதனைகள்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் நடந்தது இது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. பில் போடத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வைஃபை போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் கம்பெனி மெயில் அப்போது ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்தது. அதாவது ஒண்டுக்குடித்தனம். ஒரே சர்வரில் முன்பின் தெரியாத நூறு பேரோடு நாமும் இருக்க வேண்டும். அதில் எவனோ ஒருவன் ஊருக்கெல்லாம் விளம்பர மெயில் அனுப்பித் தொலைத்தால், நம் மெயிலையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விதைப்பு நெருங்கும் நேரத்தில் டீலர்களுக்கு எங்கள் மெயில் போகாமல் நின்றது. சென்னையில் ஒரு கம்பெனியைக் கூப்பிடலாம் என்றார் முதலாளி. தனி சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், நானே மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை!

முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "லேப்ல இருந்து வந்த முளைப்பு டெஸ்ட் ரிசல்ட்டு பூரா மெயில்லதான் கீது. வெத ஆய்வு அதிகாரி வந்து கேக்கறப்போ காட்டலன்னா வெதய விக்க முடியாது. ஒண்ணுகூட காணாம போவக்கூடாது, பாத்துக்கோ."

வீட்டில் சோறு வேகும் நேரத்திலெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். தனி சர்வரில் வெப்மெயிலை நிறுவினேன். எல்லாருடைய மெயில் பெட்டிகளையும், முகவரிப் பட்டியலையும் நகல் எடுத்தேன். கடைசியாக, இனி வரும் மெயில் புது இடத்துக்கு வரும்படி டொமைனில் மாற்றினேன். முதல் மெயில் புது சர்வரில் வந்து விழுந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். யாரும் கவனிக்கவில்லை, அது வேறு விஷயம்.

பழைய ஹோஸ்டிங்கின் கெடு முடியும் நாளும் வந்தது. அன்று சாயங்காலத்தோடு அங்கே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் மனசு கேட்கவில்லை. விழுப்புரம் கிளைக்கு நேரில் போய், அவர்கள் மெயில் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். முதலாளி சிரித்தார். "மெயில மாத்தறதுக்கு பஸ்ல போறவள இப்பதாம்மா பாக்கறேன்."

சிரிக்கட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

விழுப்புரம் கிளையில் கணக்கு பார்ப்பவர் ஒரு அக்கா. என்னைவிட ரொம்ப சீனியர். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு அன்றைய மெயிலைத் திறந்தார். லேபிலிருந்து புதிதாக ஒரு ரிசல்ட் வந்திருந்தது. படித்தார். பிரிண்ட் எடுக்கவில்லை. நேராக டெலிட் பட்டனை அழுத்தினார்!

"அக்கா, அத ஏன் அழிக்கறீங்க?" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

"யாரு அழிச்சாங்க? பத்திரமா வச்சிக்கினு இருக்கேன்மா" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, டிராஷ் என்ற குப்பைத் தொட்டியைத் திறந்து அந்த மெயிலைக் காட்டினார்.

விஷயம் இதுதான். பழைய ஹோஸ்டிங்கில் இடம் குறைவு. "இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது, காலி பண்ணுங்கள்" என்று தலைமை அலுவலகத்திலிருந்து அடிக்கடி சொல்வார்கள். டிராஷில் இருப்பதை மட்டும் அங்கே இடக் கணக்கில் சேர்க்கவில்லை, தானாக அழிக்கவும் இல்லை. அக்கா அதைக் கண்டுபிடித்து, முக்கியமான மெயில்களையெல்லாம் அதற்குள் தள்ளிவிட்டார். கிளையில் மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தார். ஆக, முளைப்பு ரிசல்ட் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குள்!

நானோ, குப்பையை எதற்குச் சுமப்பது என்று டிராஷை மட்டும் நகல் எடுக்காமல் விட்டிருந்தேன். எல்லா வீடியோவிலும் அப்படித்தான் சொன்னார்கள். புது சர்வரிலோ, டிராஷில் விழுவதைச் சில நாளில் தானாகவே அழிக்கும்படி வைத்திருந்தேன்.

"பழசெல்லாம் காணோம்னு மேல கீழ தேடிக்கினு இருந்தேன். புதுசுல மெள்ள வரும்னு நெனச்சேன்" என்றார் அக்கா. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "என்னாலதான் இவ்ளோ பேஜாரா?"

"உங்களால இல்லக்கா. நீங்க வச்சதாலதான் இன்னும் இருக்குது. ஜல்தியா எடுத்துரலாம், நவுருங்க" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் தானாக அழிக்கும் வேலையை நிறுத்தினேன். பிறகு ஒவ்வொருவருடைய டிராஷையும் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு நகல் எடுத்தேன். மற்றவர்களுடையது சுலபமாக வந்துவிட்டது. அக்காவுடையது பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் நின்றது. அத்தனை வருடச் சேமிப்பு. மொத்தமாக வராவிட்டால் வருடம் வருடமாக வா என்று பிரித்து ஓட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வருடத்தையும் திறந்து பார்த்து, "இருக்குது, இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் இறங்குவதற்குள் கடைசி வருடமும் வந்து சேர்ந்தது.

அதன்பின் டிராஷ் என்றால் என்ன என்று அக்காவுக்குப் பாடம் எடுக்கவில்லை. 'பத்திரம்' என்று ஒரு புது ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினேன். டெலிட் பட்டனுக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பட்டன் வரும்படி வெப்மெயிலில் வைத்துக் கொடுத்தேன். அக்கா அழுத்திப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி சிரித்தார்.

மார்கழியில் விழுப்புரம் கிளைக்கு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மூட்டையில் இருந்த லாட் நம்பரைப் பார்த்து, அதன் ரிசல்ட்டைக் கேட்டிருக்கிறார். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அக்கா திரையில் காட்டிவிட்டாராம். இதைக் கேட்ட முதலாளி, டீலர்கள் நிறைந்திருந்த ஆபீஸில் என்னைக் காட்டி, "நம்ம சர்வர மாத்தனது இந்தப் பொண்ணுதான்" என்றார்.

மெயிலை நகர்த்துவதை வீடியோ பார்த்து யாரும் கற்றுக்கொள்ளலாம். பஸ் ஏறிப் போய் அக்கா பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே, அதை எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை, அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.