மைக்கை யாருக்கும் குடுக்காதீங்க

கோயமுத்தூரில் கிட்டார் வாசித்தே பிழைப்பது என்றால் ஒரே குழுவோடு நின்றுவிட முடியாது. எனக்கு மூன்று குழுக்கள். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழு. வார இறுதி மாலைகளில் ரேஸ் கோர்ஸ் பக்கத்து உணவகம் ஒன்றின் மாடியில் வாசிக்கிற நான்கு பேர் பேண்ட். ஞாயிறு காலையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழு. நான் சொல்லப்போகிற வைகாசி ஞாயிறு முகூர்த்த நாள். அதனால் தேவாலயத்துக்கு வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பல்லடத்துக்குப் போயிருந்தேன்.

விடியற்காலையில் கொடுமுடிக் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் மதிய விருந்துக்குப் பல்லடம் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். பெரிய மேடையில் அவர்கள் நிற்க, பக்கவாட்டில் சின்ன மேடையில் நாங்கள். எங்கள் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு இடம் எப்போதும் அவருக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரம்.

மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அப்பாவின் அண்ணனும் தம்பியும்தான் வளர்த்தார்கள். வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தவர் பெரியப்பா. கோழிப்பண்ணை வைத்திருந்த சித்தப்பா கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கல்யாணத்தைத் தள்ளிப் போடக் கூடாது என்று அவரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் ஸ்பீக்கர்களை ஏற்றி வைக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் எங்கள் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

முதல் பந்தி எழுந்து இரண்டாவது பந்தி உட்கார்ந்த நேரம். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்கு நான் சுருதி பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மேடையின் பின்பக்கமாக ஏறி வந்தார். கையில் போன். முகத்தில் வாசலில் பார்த்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு மாறாமலே தலைவரிடம் குனிந்தார்.

"ஏனுங்க, ஒரு சேதி. ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. தம்பி போயிட்டானுங்க."

தலைவருக்கு உடனே விளங்கவில்லை. "எந்தத் தம்பிங்க?"

"என்ற தம்பிதானுங்க. மாப்பிள்ளைக்குச் சித்தப்பன்."

என் கை கம்பிகளின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்தீராதீங்க," என்றார் பெரியப்பா, என்னையும் சேர்த்துப் பார்த்து. "பந்தி முடியற வரைக்கும் பாட்டு ஓடோணும். மைக்கை யாருக்கும் குடுக்காதீங்க. சொந்தக்காரன் எவனுக்காவது சேதி தெரிஞ்சு மைக்கைப் புடிச்சுப் போட்டான்னா அவ்வளவுதான்."

"மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமுங்களா?" என்றார் தலைவர்.

"நானே சொல்றேனுங்க. வந்தவங்க சாப்பிட்டுப் போகட்டும். இப்பச் சொன்னா அந்தப் புள்ளை தலையிலதான் வந்து விழும். வந்த கால் சரியில்லைன்னு ஆயுசுக்கும் பேசுவாங்க."

அவர் மேடையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மணப்பெண் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தாள். மாலை குழந்தையின் மூக்கில் உரச, அவள் அதை விலக்கிவிட்டுச் சிரித்தாள். பெரியப்பா இறங்கிப் போனார். போகும் வழியில் ஒருவரை நிறுத்தி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

தலைவர் குழுவைப் பார்த்து, "வேகமான பாட்டுகளாப் போகலாம்," என்று மட்டும் சொன்னார். பாடகர்களுக்கு அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. தெரிந்தால் குரலில் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஆக மேடையில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாசித்தேன். விரல்கள் பழக்கத்தில் ஓடின. கண் மட்டும் கூட்டத்தை விட்டு அசையவில்லை. யார் போனைக் காதில் வைத்தாலும் பயமாக இருந்தது. ஒரு பெரியவர் எங்கள் பக்கமாக வேகமாக நடந்து வந்தபோது, கால் தடுக்கியது போல நகர்ந்து மைக்குக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். அவர் ஃபேனைத் திருப்பிவிடச் சொல்ல வந்தவர்.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை வந்தான்.

போட்டோக்காரர்கள் ஏதோ மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில், மாலையோடு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் மேடைக்குத் தாவி ஏறினான். நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, ஒரு ஒத்தாசைங்க. எங்க சித்தப்பா ஆஸ்பத்திரில இருக்காரு."

"சொல்லுங்க தம்பி," என்றேன்.

ஒரு பழைய பாட்டைச் சொன்னான். "பண்ணை வண்டியில போறப்பல்லாம் இதுதானுங்க போடுவாரு. ஆரம்பத்துல கிட்டார் மட்டும் வருமில்லைங்களா, அதை வாயிலயே வாசிப்பாரு. வீடியோ கால் போடறேன். நீங்க வாசிச்சுக் காட்டுனா சந்தோசப்படுவாரு."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கீபோர்டின் ஏதோ ஒரு பொத்தானைக் குனிந்து தேட ஆரம்பித்தார்.

"பந்தி நடந்துட்டு இருக்குதுங்களே தம்பி. வேகமாப் போட்டுட்டு இருக்கோம். அப்பறம் வாசிக்கட்டுங்களா?"

"ஒரே நிமிசம்க்கா. அப்பறம்னா அவரு மருந்து சாப்பிட்டுத் தூங்கிருவாருங்க."

அவன் ஏற்கெனவே எண்ணை அழுத்தியிருந்தான். போனை எனக்கும் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்தான். திரையில் மாலையோடு அவன் முகம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுமுனையில் யாராவது எடுத்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அழுகிற ஒரு முகம் தெரியும். பெரியப்பாவைக் கண்ணால் தேடினேன். கூடத்தில் அவர் இல்லை. கையை நீட்டி அந்தப் போனைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, எடுக்கப்போகிறவருக்காகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தான்.

யாரும் எடுக்கவில்லை.

"தூங்கறாராட்ட இருக்குது," என்றான். "பரவாயில்லைங்க. நீங்க வாசிங்க, வீடியோ எடுத்து அனுப்பிப் போடறேன். எந்திரிச்சதும் பாத்துக்குவாரு."

நான் வாசித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆரம்பம் கடினமானது இல்லை. கிட்டார் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதல் வருடத்திலேயே வாசித்துப் பார்ப்பதுதான். ஆனாலும் ஒவ்வொரு சுரத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து பாத்திரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் பக்கம் நான் நிமிரவே இல்லை. முடிந்ததும், "சூப்பருங்கக்கா, நம்பர் சொல்லுங்க, உங்களுக்கும் அனுப்பறேன்," என்று வாங்கிக்கொண்டு, குதித்து இறங்கி மணப்பெண்ணிடம் ஓடினான்.

அடுத்த பாட்டுக்குக் கிட்டார் தேவையில்லை. கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டுப் பெரியப்பாவைத் தேடிப் போனேன். மாப்பிள்ளை போன் போட்டுப் பார்க்கிறான், இனியும் மறைக்க முடியாது என்று சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவுகிற இடத்தையும் தாண்டி, பாத்திரம் விளக்குகிற தொட்டி ஒன்று இருந்தது. அங்கே அவர் நின்றிருந்தார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் சிமெண்டில் விழுந்து அவர் வேட்டியெல்லாம் தெறித்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் மட்டும் இல்லை. அல்லது தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்னங்க அம்மணி, தண்ணி வேணுமா?"

"இல்லீங்க. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போட்டாருங்க. யாரும் எடுக்கலை."

"எடுக்க வேண்டாம்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்." குழாயை மூடினார். "கடைசிப் பந்தி உக்காந்துருச்சு கண்ணு. கொஞ்ச நேரந்தான். கொஞ்சம் சமாளிச்சுக்குங்க."

என் முன்னாலேயே முகத்தைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். "பாயசம் இன்னொரு தடவை வரட்டும்," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் கேபிள்களைச் சுருட்டும்போது, அவர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு மணமகன் அறைக்கு அழைத்துப் போவதைப் பார்த்தேன். கதவு மூடியது. நான் நிற்கவில்லை. மாலை வாசிப்புக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன். திருச்சி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் வந்தது எதுவும் நினைவில் இல்லை. சூலூர் தாண்டியபோது தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்துபோன சத்தம்தான் நினைவிருக்கிறது. ஸ்கூட்டரை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகுதான் ஓட்ட முடிந்தது.

உணவக மாடியில் முதல் சுற்றில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். எங்கள் டிரம்மர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இடைவேளையில் போனை எடுத்தால், மதியம் மாப்பிள்ளை அனுப்பிய வீடியோ வந்திருந்தது. அதைத் திறக்கவில்லை. அப்போதே போன் அடித்தது. வீடியோ வந்த அதே எண். நான் மாடிப்படிக்குப் போய் எடுத்தேன்.

"அக்கா, நாந்தானுங்க. மத்தியானம் கிட்டார் வாசிச்சீங்களே."

"சொல்லுங்க தம்பி."

"வீடியோவைப் பாத்தனுங்க. நீங்க தலையே நிமிரலை. உங்களுக்குத் தெரியுமாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்," என்றேன்.

அந்தப் பக்கம் நிறையப் பேர் அழுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாட்டுக் கச்சேரிக்காரங்க வரைக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் தெரியலை. பெரியப்பாதானுங்களே சொல்ல வேண்டாம்னாரு? கூடப் பொறந்தவன் செத்துக் கெடக்கறான், இவரு பாயசம் பத்துச்சான்னு கேட்டுட்டுத் திரிஞ்சிருக்காரு. சித்தப்பா மருந்து சாப்பிட்டுத் தூங்கறாருன்னு எனக்கு நெனப்பு. இனி பெரியப்பா மூஞ்சில முழிக்க மாட்டேனுங்க. இங்க எழவு வீட்டுல வெச்சே எல்லார்த்து முன்னாலயும் கேக்கப் போறேன்."

"தம்பி, ஒன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்பறம் போங்க."

அவன் போனை வைக்கவில்லை. பாத்திரம் விளக்குகிற தொட்டி, திறந்துவிட்ட குழாய், வாயில் துண்டு, குலுங்கின தோள்கள் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணின் மேல் பழி வந்துவிடும் என்று அவர் பயந்ததையும் சொன்னேன். அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். மாடியில் டிரம்மர் இரண்டாம் சுற்றுக்குக் கையைக் காட்டினான். நான் இரு என்று சைகை காட்டினேன்.

பிறகு போன் கை மாறியது போல ஒரு கரகரப்பு. பேசியது ஒரு பெண் குரல், மணப்பெண்தான்.

"அக்கா, அவரு போனை என்ற கையில குடுத்துட்டு பெரிய மாமாகிட்டப் போறாருங்க."

"பெரியப்பாகிட்டச் சண்டைக்குங்களா அம்மணி?"

"தெரியலீங்க." அங்கே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "இல்லீங்க. பக்கத்துல போய் உக்காந்துட்டாரு. அவரு மடியில தலையை வெச்சுட்டாருங்க."

இப்போதுதான் அவன் அழுகிற சத்தம் போனில் கேட்டது. அவளும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கடைசி வரைக்கும் மண்டபத்துல இருந்தீங்களாங்க்கா? என்னையப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் பேசுனாங்களா?"

"ஒருத்தரும் பேசலீங்க. சாப்பாடு நல்லா இருக்குதுன்னுதான் பேசிட்டுப் போனாங்க."

அது உண்மைதான். அவள் சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் மேலே போய் இரண்டாம் சுற்றை வாசித்தேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணிடம் இருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. தேவாலயத்தில் ஒத்திகை முடிந்து படியில் உட்கார்ந்து கேட்டேன். பெரிய மாமா இப்போதெல்லாம் சாயங்காலம் தம்பியின் பண்ணையைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருகிறாராம். "மத்தவங்க எடுத்து வெச்சா வேண்டாங்கறாருங்க. என்னையத்தான் பரிமாறச் சொல்றாரு. வாரவங்க போறவங்க எல்லாம் பாக்கோணும்ங்கறாரு," என்றாள். கடைசியில் சிரித்த மாதிரி இருந்தது. நான் இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். ஆமாம், சிரித்துத்தான் இருந்தாள்.